கதைத்தலும் பேசுதலும்

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கித் தெற்கே செல்லும் கரையோர வீதி அளம்பிலையும் செம்மலையையும் கடந்து நாயாற்றுக் கடனீரேரியின் முகத்தை அடைகின்றது. ஒருபால் ஏரியும் ஒருபால் ஆழ்கடலுமாக அமைந்த அவ்விடத்தே மீன்பிடி வாடிகள் வரிசையாக நிற்கும். சோளகக் காற்று மேற்குக் கரையைக் கலக்கும் மாதங்களிலே நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய பகுதிகளிலிருந்து சிங்கள மீனவர் இங்கு வந்து தங்கித் தொழில் செய்வர். அயலூர்த் தமிழரும் அதே கரையிலே தொழில் செய்வர். இரு சாராரிடையும் கரைக்கும் மீனுக்குமாக எழுந்த பிணக்குகள் பல. 2018ஆம் ஆண்டிலே தமிழ் மீனவரின் படகுகளும் வாடிகளும் தீக்கிரையானமை நாட்டார் அறிந்ததே. இவ்வளவு வேற்றுமைக்கிடையில் ஒன்று மாத்திரம் இருவர்க்கும் பொதுவாய் நிற்கின்றது. ஒருவரோடொருவர் வாய்திறந்து சொல்லாடும் தொழிலைச் சிங்களவர் 'கதா கரனவா' என்பர். தமிழர் 'கதைக்கிறது' என்பர். வெவ்வேறு குடும்பத்தனவாகிய இரு மொழிகளும் இந்தத் தொழிற்கு ஒரே சொல்லைக் கொண்டன.

இச்சொல்லைத் தமிழ் நன்கு கற்றோர் பலர் மதிப்பதில்லை. நாயாற்றுப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் தன் பயிற்சிக் கொப்பியில், 'நானும் மாமாவும் வாடியில் இருந்து நெடுநேரம் கதைத்தோம்' என்று எழுதுகின்றான் என வைத்துக்கொள்க. ஆசிரியர் சிவப்பு மையால் 'கதைத்தோம்' என்பதை வெட்டி, மேலே 'பேசினோம்' என்று எழுதுவார். திருத்தம் முடிந்தது, ஆயின், சிறுவனுடைய ஊர்வழக்கிலே பேசுதல் என்பது ஏசுதலும் கண்டித்தலுமாம். 'பிந்திப் போனால் அம்மா பேசுவா' என்று அவன் சொல்லும்போது தாய் அன்போடு உரையாடுவாள் என்பது கருத்தன்று. 'பேச்சு வாங்கினேன்' என்பானாயின் அவன் வாங்கியது வசையே. ஆகவே, மாமனும் மருமகனும் அளவளாவிய மாலைப் பொழுது ஆசிரியரின் பேனா முனையிலே சண்டையாக மாறிவிட்டது. சொல்லைத் திருத்தப் புகுந்தவர் செய்தியைப் பிழையாக்கினார். சிறுவனோ, தான் எழுதியது எவ்வாறு தவறாயிற்று என்று அறியாதவனாய், தன் வீட்டுப் பேச்சு முழுவதுமே எழுதத் தகாதது போலும் என்னும் முடிவுக்கு வருகின்றான். இம்முடிவு சிறியதன்று. எழுதக் கூசும் மாணவரை உண்டாக்குவன இலக்கணத்தின் கடுமையினும் இத்தகைய திருத்தங்களே.

இத்திருத்தத்தின் அடியில் இரண்டு எண்ணங்கள் கிடக்கின்றன. கதை என்பது புனைந்து சொல்லும் வரலாறு ஆதலின் கதைத்தல் என்பது கதை சொல்லுதலையே குறித்தல் வேண்டும், உரையாடலை அதனாற் சுட்டுதல் சிதைவு என்பது ஒன்று. பேசுதல் என்பதே உரையாடற்கு எங்கணும் உரிய செஞ்சொல் என்பது மற்றொன்று. இரண்டும் ஆராயத்தக்கன.

முதலாவதற்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு சான்று காட்டலாம். இலத்தீன் மொழியிலே பேசுதலைக் குறிக்கக் கற்றோர் கைக்கொண்ட வினை 'லொக்குவி' என்பது. கல்லூரிகளில் இலத்தீன் கற்றோர் இன்றும் முதலில் மனனஞ் செய்யும் வினைகளுள் அஃதொன்று. ஆயின் பொதுமக்கள் வாயிலே வேறொரு வினை வழங்கிற்று. கட்டுக்கதை, பழங்கதை என்னும் பொருளுடைய 'ஃபாபுலா' என்னும் பெயரடியாகப் பிறந்த 'ஃபாபுலாரி' என்பதே அது. கி.மு. 184இல் மறைந்த நகைச்சுவை நாடகாசிரியர் பிளோத்தசு தம் நாடக மாந்தர் வாயில் இதனை வைத்தனர். பின்னர் உரோமப் பேரரசு சிதைந்து அதன் மாகாணங்களில் இசுப்பானியம், போர்த்துக்கேயம், பிரெஞ்சு, இத்தாலியம் என மொழிகள் கிளைத்தபோது நிகழ்ந்தது வியப்பானது. பண்டிதர் போற்றிய 'லொக்குவி' அம்மொழிகளின் இயல்பான பேச்சிலே வழித்தோன்றல் இன்றி மறைந்தது. பாமரர் வழங்கிய 'ஃபாபுலாரி' இசுப்பானியத்தில் 'அப்லார்' என்றும் போர்த்துக்கேயத்தில் 'ஃபலார்' என்றும் இன்றும் வாழ்கின்றது. பேசுதல் என்பதற்கு அவ்விரு மொழியினரும் கொண்ட முதற்சொல் அதுவே. (சொல்லின் முதலில் நின்ற ஃபகரம் இசுப்பானியத்திலே ஹகரமாகித் தேய்ந்து ஒழிந்தது. தமிழிற் பால் என்பது கன்னடத்தில் ஹாலு என நிற்பதை அறிந்தோர்க்கு இது புதுமையன்று.)

பிரெஞ்சும் இத்தாலியமும் வேறு வழியாற் சென்று அதே இடத்தை அடைந்தன. ஒப்புமை என்னும் பொருளுடைய 'பரபோலே' என்னும் கிரேக்கச் சொல் விவிலிய உவமைக் கதைகளுக்குப் பெயராகிக் கிறித்தவ இலத்தீனிற் புகுந்தது. அதன் அடியாக எழுந்த வினை பிரெஞ்சிலே 'பார்லே' எனவும் இத்தாலியத்திலே 'பார்லாரே' எனவும் பேசுதற்கு உரியதாயிற்று. ஆக, மேலை ஐரோப்பாவின் இப்பெருமொழிகள் நான்கிலும் பேசுதல் என்பது சொல்வரலாற்றின்படி கதைத்தலே. உருமேனியம் மாத்திரம் இவற்றைக் கொள்ளாது வேறொரு சொல்லைக் கையாளும். செர்வாந்தெசு கையாண்ட மொழியையும் கமோன்சு கையாண்ட மொழியையும் சிதைவு என்று தள்ளுவார் யாரேனும் உளராயின், அவரே நாயாற்றுச் சிறுவனின் கொப்பியையும் வெட்டத் தகுதி உடையவர்.

இவ்விடத்து இன்னொரு நிகழ்ச்சியும் நோக்கற்பாலது. இசுப்பானியரின் 'அப்லார்' 16ஆம் நூற்றாண்டளவில் பிரெஞ்சினுட் புகுந்தபோது 'ஆப்ளே' ஆகித் தற்பெருமை அடித்தல் என்னும் பொருள் கொண்டது. மறுபால், பார்லே என்பதன் இனமாகிய 'பார்லார்' இசுப்பானியத்தில் வெற்றுரை அலப்பலையும் கிளி பேசுதலையும் குறிக்கின்றது. ஒரு நாட்டார் மதிப்பொடு பேசுவதை அடுத்த நாட்டார் பிதற்றலாகக் கேட்கின்றனர். தமிழ்நாட்டிலே 'கதை விடாதே', 'கதை அளக்கிறான்' என்னும் தொடர்களைப் பழகிய செவிக்கு ஈழத்தவரின் 'கதைக்கிறார்' என்பது நகைப்பை விளைப்பதும், ஈழத்துச் செவிக்குத் தமிழ்நாட்டவரின் 'அவரோடு பேசினேன்' என்பது சற்றே கடுமையாய் ஒலிப்பதும் அத்தகையனவே. மலைத்தொடர் ஒன்று இடையிட்ட நாடுகளில் நிகழ்ந்தது கடல் இடையிட்ட நாடுகளிலும் நிகழ்ந்தது.

அம்மொழிகளுள் ஒன்று நம் நாட்டிற்கே வந்தது. 1505இல் இலங்கை வந்து, 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்த போர்த்துக்கேயர் கதிரை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, பாண் என வீட்டுப் பொருட்களின் பெயர்களை விட்டுச் சென்றனர். பேசும் வினையை அவர்களிடம் நாம் கடன் வாங்கவில்லை. ஆயின் அவர்கள் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் தம் கலப்புப் போர்த்துக்கேயத்திலே உரையாடுதலைப் 'பப்பியா' என்னும் வினையாற் சுட்டுவர். போர்த்துக்கேய நாட்டிலே அதன் மூலச்சொல் வெறுமனே அலப்புதலையும் பறவைகள் கலகலத்தலையும் குறிப்பது. மலாக்காவிலுள்ள போர்த்துக்கேய வழியினரும் தம் மொழியைப் 'பப்பியா கிறிசுத்தாங்' என்றே அழைப்பர். தாயகத்தில் இழிந்த பொருளுடைய வினை கடல் கடந்த குடியினரிடம் நல்ல பொருளைப் பெற்றது. இதனைக் கண்ட பின்பும், தாயகத்துப் பொருள் ஒன்றே மெய்ப்பொருள் என்று வாதிட முடியுமா?

இதுகாறும் கூறியவற்றால், கதை என்னும் பெயர் முதலில் புனைகதையை மாத்திரம் குறித்துப் பின்னர் உரையாடலுக்கு நெகிழ்ந்தது என்று கொள்ளின் அதுவும் முற்றிலும் சரியன்று. வடமொழியிலே 'கத்' என்னும் வினை சொல்லுதல், விவரித்தல், உரையாடுதல் என்னும் பொருள்களையெல்லாம் உடையது. 'எவ்வாறு' எனப் பொருள்படும் 'கதம்' என்னும் வினாச்சொல்லே அதற்கு அடி என்பர். எவ்வாறு நிகழ்ந்தது எனக் கேட்டார்க்கு விடையாகச் சொல்லுதலே கதை. பாளியிலோ கதா என்பது உரையாடலையும் விவாதத்தையுமே முதன்மையாகக் குறிப்பது. பௌத்தரின் அபிதம்ம நூல்களுள் ஒன்றான கதாவத்து, பெயரைக் கண்டு மயங்குவோர் எண்ணுமாறு கதைத் தொகுதியன்று, சமயக் கொள்கைகளை வினாவிடையால் ஆராயும் தருக்க நூலாம். இலத்தீன் ஃபாபுலாவும் இவ்வாறே 'சொல்லுதல்' என்னும் பொருளுடைய ஒரு பழைய வினையிலிருந்து பிறந்தது. சொல்லுதலிலிருந்து கதையும் கதையிலிருந்து மறுபடி சொல்லுதலும் தோன்றி வட்டமாகச் சுழலும் சொற்கள் இவை. ஈழத்துக் 'கதைத்தல்' கதையிலிருந்து உரையாடலுக்கு வந்ததா, பாளி மணம் வீசிய நிலத்திலே பழைய உரையாடற் பொருளையே விடாது காத்து நின்றதா என்பது இரண்டு வழிகளையும் எடைபோட்டுத் துணிய வேண்டிய வினா. சிங்கள வழக்கோடு அது ஒத்து நிற்பது இரண்டாம் வழிக்குச் சிறிது வலுவூட்டுகின்றது. எவ்வழியாயினும் சிதைவு என்னும் குற்றச்சாட்டு நிலைபெறாது.

இனி, இரண்டாம் எண்ணம். பேசு என்பது எங்கும் ஒரே பொருளில் வழங்கும் செஞ்சொல்லா? தமிழ்நாட்டில் அது உரையாடலைக் குறிக்கும். ஈழத்திலே கண்டித்தலைக் குறிக்கும். மேடையில் நிகழும்போது மாத்திரம் சொற்பொழிவாகும். மலையாளத்தில் அது பெரிதும் விலைபேசுதலாக ஒடுங்கிவிட்டது. ஒருவர் ஒருவரோடு சொல்லாடும்போது உரசல் எழுதல் இயல்பு. அவ்வுரசலை ஈழத்தவர் வைதலாகவும் மலையாளத்தார் விலை வழக்காடலாகவும் தனித்தனியே பிரித்தெடுத்துக்கொண்டனர் போலும். வித்து தமிழ்நாட்டிலும் இல்லாமலில்லை: 'வாய்க்கு வந்தபடி பேசினான்' என்றால் அங்கும் அது வசையே; 'பேரம் பேசுதல்' அங்கும் உண்டு. ஈழத்திலும் கலியாணம் பேசுதல் என்னும் தொடரில் பழைய இணக்கப் பொருள் நிலைத்துள்ளது. மணப்பேச்சுக்குச் சென்றவர்கள் மணமகன் வீட்டாரை வைதுவிட்டு வருவதில்லை, அல்லது வைவதற்காகச் செல்வதில்லை என்றாவது சொல்லலாம். நாட்டின் அரசியலிலே அரைநூற்றாண்டுக்கு மேலாக அடிபட்ட 'பேச்சுவார்த்தை' என்னும் தொடரை வன்னிக் கிழவர் ஒருவர் கேட்டால் அவர் செவியில் எப்பொருள் முந்தித் தோன்றியிருக்கும் என்பதும் சிந்திக்கத்தக்கது. அவ்வூரார் தம்முள் பிணக்குத் தீர்க்க விரும்பினால் 'கதைத்துப் பார்ப்பம்' என்பரேயன்றிப் 'பேசிப் பார்ப்பம்' என்னார்.

சொல்லுதல் பற்றிய ஏனை வினைகளிலும் இவ்விளையாட்டைக் காணலாம். செப்பு என்பது தொல்காப்பியர்க்கு வினாவின் மறுதலையான விடை. தெலுங்கர்க்கு நாள்தோறும் வாயில் வரும் 'சொல்லு' என்பதே. இன்றைய தமிழர்க்குச் செய்யுட் சொல். நொடி என்னும் வினை பழந்தமிழிற் சொல்லுதல் ஆயிற்று. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் அதனோடு உடன்வைக்கப்பெற்ற கன்னட 'நுடி' பேச்சையும் மொழியையும் குறிக்கின்றது. தமிழ்நாட்டில் நொடி என்றால் கணப்பொழுது; ஈழத்திலே பாட்டி பேரனிடம் போடுவது நொடி, அதாவது விடுகதை. பாட்டியின் நொடியை அவிழ்க்கும் பேரன் கன்னடர் பெருமையோடு 'கன்னட நுடி' என்பதன் உறவினனாகவே இருக்கிறான் என்பதை அவனுக்குச் சொன்னால் மகிழ்வான்.

பறை என்பது இவற்றுள் மிகச் சிறந்த பாடம். மலையாளத்தார்க்குச் சொல்லுதற்கு உரிய பொதுவினை அதுவே. யாழ்ப்பாணத்து முதியோரும் மட்டக்களப்பாரும் 'பறைதல்' என்று உரையாடலைச் சொல்வர். தமிழ்நாட்டிலே வினை பெரிதும் மறைய, 'பறைசாற்றுதல்' என்பதிற் பெயர் மாத்திரம் முழங்குகின்றது. இனி, இக்கல்லூரி மாணவர் காலைதோறும் ஓதும் தேவாரத்திலே, சிறப்பாக ஞானசம்பந்தர் பதிகப் பயன் கூறும் இடங்களிலே, வினை பறையும் எனப் பலகால் வரும். அங்கே பறைதல் கெட்டொழிதல். சொல்லுதல் எனப் பொருள்கொள்ளின் அடியாருடைய தீவினைகள் அகலாது நின்று வாயாடத் தொடங்கும். ஒரே வடிவுடைய சொல் மூன்று காலத்தும் நான்கு நாட்டும் எவ்வாறு நிற்கிறது என அறியாதவர் தேவாரத்தையும் பிழைபடவே படிப்பர். ஆகலின் வட்டார வழக்கை ஆராய்தல் செந்தமிழ்க்குப் பகையன்று. செந்தமிழைப் படித்தற்கே அது வேண்டப்படுவது.

பழைய இலக்கண ஆசிரியர் இதற்கு வழிவிட்டே சென்றனர். சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என வகுத்த தொல்காப்பியர் திசைச்சொல்லைச் செய்யுட்கே உரிய சொற்களுள் ஒன்றாக எண்ணினாரேயன்றி இழிசொல் என ஒதுக்கவில்லை. ஆயினும் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுக்கள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களே: குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர், தென்பாண்டியார் ஆவையும் எருமையையும் பெற்றம் என்பர் என்பனவே. பெயர்ச்சொல் வேறுபட்டால் கேட்பவன் அறியாது நின்று வினவுவான். தீங்கு அதோடு ஒழியும். வினைச்சொல் வடிவால் ஒத்துப் பொருளால் வேறுபட்டால் அவன் வினவமாட்டான். அறிந்ததாகவே எண்ணித் தவறாக விளங்கிக்கொள்வான். அவ்வகைத் திசைச்சொல்லை இலக்கணம் தனித்து ஆராயாது விட்டது ஒரு குறையே.

இக்குறை புனைகதைத் திறனாய்விலே வெளிப்படையாகத் தெரியும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் 'நானாடகம்' என்னும் நாடகத் தொகுதியை யாழ்ப்பாணப் பேச்சிலே வெளியிட்டார்; உயர்கல்வி நிலையத்திலே தமிழ் கற்பித்த அறிஞரே அவ்வாறு செய்தமை அக்காலத்தில் துணிவு எனப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் ஈழத்திலே நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில் பேச்சு வழக்கை இழிசனர் வழக்கு எனச் சாடினோரும் அதனை மக்கள் மொழி எனக் காத்தோரும் எதிரெதிரே நின்றனர். இன்று திரும்பி நோக்குங்கால், காத்தோர் வென்றனர் எனினும் அவர் வாதமும் முழுமையானதன்று. மக்கள் மொழி என்பது இயல்பானது, மண்மணம் உடையது என்று அவர் புகழ்ந்தனர். பொருள் திட்பம் உடையது என்று நிறுவ முயன்றவர் சிலரே. அதனாற்றான் வட்டாரச் சொல் அழகுக்காக இடப்பட்ட பூச்சு எனவும், பொருள் கெடாமல் அதனை நீக்கிப் பொதுச்சொல் இடலாம் எனவும் ஒரு கருத்து இன்றும் நிலவுகின்றது.

அது முடியாது என்பதற்கு நாயாற்றுக்கு அணித்தான தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் எழுதி 1973இல் வெளிவந்த 'நிலக்கிளி' நாவலை எடுத்துக்கொள்ளலாம். வன்னிக் காட்டோர மாந்தர் தம் பேச்சிலேயே நடமாடும் கதை அது. அவர்கள் கதைப்பதையும் பேசுவதையும் ஒன்றாக்கி மாற்றினால், யார் யாரோடு மனம் ஒன்றினார், யார் யாரைக் கடிந்தார் என்னும் கதையின் நரம்பே அறுபடும். நூலின் இறுதியிலே சேர்க்கப்படும் அருஞ்சொல் அகராதிகளும் இவ்விடத்தில் உதவுவதில்லை. அவற்றைத் தொகுப்போர் வாடி, சம்மாட்டி, சோளகம் என அயலார் அறியாத பெயர்களைத் தேடி விளக்குவர். பேசு என்பதை விளக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அறியாத சொல்லுக்கு அடிக்குறிப்பு உண்டு. அறிந்ததாகத் தோன்றும் சொல்லுக்கு இல்லை. வாசகன் இடறுவது பின்னதிலேயே.

எதிர்ப்புறத்து மிகையையும் சுட்டாது விடுதல் நேர்மையன்று. யாழ்ப்பாணத் தமிழே தூயது, பழைமை கெடாதது, தமிழ்நாட்டார் மொழியே திரிந்தது எனப் பெருமை பேசுவோர் நம்மிடையே உளர். அவர்க்கும் இவ்வினை இணங்காது. அவர் தூய்மைக்குச் சான்று காட்ட வாய்திறக்கும் வினையே வடசொல்லடியாகப் பிறந்தது. சிங்களத்தோடு பொதுவாய் நிற்பது. தமிழ்நாட்டாரின் பேசுதலோ வடமொழிச் சார்பு இல்லாதது. தூய்மையை அளவுகோலாக்கினால் கதைத்தல் தோற்கும். பொருள் விளக்கத்தை அளவுகோலாக்கினால் அது வெல்லும். எந்த அளவுகோலைக் கையில் எடுப்பது என்பதை முன்னரே துணிந்துகொண்டு வாதிடுதல் நலம்.

வன்னியிலே இவ்வினா ஏட்டோடு நிற்பதன்று. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் முதலிய ஊர்களின் மக்கள் 1984இல் இடம்பெயர்ந்து, போர் 2009இல் முடிந்த பின்னரே மீளக் குடியமர்ந்தனர்; இடைப்பட்ட காலத்திலே தமிழ்நாட்டு முகாம்களை அடைந்த ஈழத்தவரை அங்குள்ளோர் இனங்கண்டது பெரும்பாலும் 'கதைக்கிறது' என்னும் ஒரு சொல்லாலேயே. இன்னொருபால், 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத் தமிழர் பலர் கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளிற் குடியேறினர். தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்தோர் வழியினராகிய அவர்களுக்குப் பேசுதல் என்பது உரையாடுதலே. இரு மரபினரின் பிள்ளைகளும் இன்று ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். 'இண்டைக்கு ரீச்சர் என்னோட பேசினவ' என்று ஒரு பிள்ளை வீட்டிலே சொன்னால், ஒரு தாய் என்ன பேசினார் என்று மகிழ்ந்து கேட்பாள். அடுத்த வீட்டுத் தாய் என்ன குழப்படி செய்தாய் என்று கேட்பாள்.